வட்டத்தில் ஐம்பத்திரண்டு கையெழுத்து

"யாரு முதல்ல கையெழுத்துப் போடறது?" என்று கலியாணசுந்தரம் கேட்டதும் கோப்பிக்கடை கப்சிப்பென்று ஆகிவிட்டது.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காஜா பெராங் ஊரின் கல்லூரி ஹாக்கிக் குழு வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றிருந்தது. இன்னும் ஆறே மாதத்தில் மெர்டேக்கா, சுதந்திரம். நாடே நிமிரப்போகிறது, நம் பையன்கள் மட்டும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறார்கள். கோச் பொன்னுதுரை மாஸ்டரை நீக்கச் சொல்லி மனு எழுதி வந்தால், திட்டுவதற்கு ஐம்பது வாய், கையெழுத்துக்கு ஒரு விரல் இல்லை!

"சரி, வட்டமாப் போடுங்க. யாரு முதல்ல போட்டதுன்னு பிரின்சிபலுக்கே தெரியாது."

"புள்ளகுட்டிக்காரர்ப்பா அவரு," என்றார் கடைக்கார அப்பாசாமி. "வேலை போனா வீட்டையும் காலி பண்ணணும்."

"நான் என்ன நியாயம் தெரியாதவனா? நாலு வருஷமா ஒரு ஆட்டம் விட்டதில்ல. முதல்ல தோத்தப்ப, தொண்டை கிழிய யோசனை சொன்னேன். அப்பவும் தோத்தாங்க. மண்ணெண்ணெய் டின்ன வெட்டி ஊதுகுழல் செஞ்சு அதுல சொன்னேன். அதுக்கும் தோத்தாங்க. போன வாரம் மைதானக் கோட்டுப் பக்கத்துலயே ஓடி ஓடிச் சொன்னேன், ஆறு கோல்! நான் இவ்வளவு பாடுபட்டும் தோத்தா, குத்தம் யாரு மேல? நீங்களே சொல்லுங்க."

நியாயம்தான் என்று எல்லோருக்கும் பட்டது. அப்பாசாமியும் போட்டார்.

கடையில் கிடைத்தது பதினேழு. மிச்சத்துக்குக் கலியாணசுந்தரம் வீடு வீடாக ஏறினார். ஒவ்வொரு வாசலிலும் ஐந்து தோல்வியையும் ஆதியோடந்தமாகச் சொன்னார். ஐம்பத்திரண்டு சேர்ந்தது. மனுவை வாங்கிய பிரின்சிபல், "சனிக்கிழமையும் தோற்றால் மாஸ்டரை அனுப்பிவிடுகிறேன்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கலியாணசுந்தரத்துக்குக் குரல் போய்விட்டது.

மனைவி பூங்காவனம் மிளகுக் கஷாயம் கொடுத்தாள். மாலையில் பேசினால் வெறும் காற்றுதான் வந்தது. "பேசாம இருங்க. ஊர் ஒரு நாளாவது நிம்மதியா இருக்கட்டும்," என்றாள்.

சனிக்கிழமை பாடாங் மைதானத்தில், ஊதுகுழலை மடியில் வைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தார். எதிரே மர நிழலில் பொன்னுதுரையின் மனைவி இரண்டு பெண் குழந்தைகளோடு நின்றாள். சின்னவள் இவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் மனுவைக் கொடுத்த கையைப் பார்த்துக்கொண்டார்.

பொன்னுதுரை வழக்கம்போலக் கோட்டோரம் நின்று, அதே மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பையன்களோ வழக்கம்போல இல்லை. பந்து மட்டை மாறி மட்டை மாறிப் போயிற்று. எதிரணி மூவார்க்காரர்கள் திணறினார்கள். மூன்று கோல் போட்டு ஜெயித்தே விட்டார்கள்! அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கலியாணசுந்தரத்துக்கு மனசு ஆறவே இல்லை. இத்தனை வித்தையையும் இந்த மனுஷன் ஐந்து ஆட்டமாக ஒளித்தா வைத்திருந்தார்? மூச்சிரைக்க வந்த கேப்டன் ஜெயபாலனைப் பிடித்து நிறுத்தினார்.

"மாஸ்டர் இன்னிக்கு என்ன புதுசா சொன்னாரு?" என்று காற்றுக் குரலில் கேட்டார்.

ஜெயபாலன் ஊதுகுழலைப் பார்த்தான், கொஞ்சம் தயங்கினான்.

"புதுசா ஒண்ணுமில்லண்ணே. எப்பவும் சொல்றதுதான். இன்னிக்குத்தான் எங்க காதுல விழுந்துச்சு."