அடக்கத்துக்கு ஒரு விருது

இரண்டு அங்குலம் சாதித்ததை இரண்டு வல்லரசுகள் சேர்ந்தாலும் சாதித்திருக்க முடியாது. அந்தப் பதிப்பக அலுவலகத்தின் கழிப்பறைக் கதவு இருபத்து நான்கு அங்குல அகலம். பிழைதிருத்தும் அக்காவின் சக்கர நாற்காலி இருபத்தாறு. இந்த ‘சிறு வித்தியாசம்’தான் நிறுவனத்துக்கு அப்பழுக்கற்ற ஓர் ஊழியரை உருவாக்கித் தந்தது.

மற்றவர்கள் டீ, அரட்டை என்று பத்துத் தடவை எழுந்து போவார்கள். அக்கா காலை ஒன்பதுக்கு மேசைக்கு வந்தால் ஆறு மணிவரை அசைய மாட்டாள். காலையில் கண் விழித்ததிலிருந்தே தண்ணீரைத் தொடுவதில்லை. மத்தியானம் சோறு தொண்டையில் சிக்காமல் இருக்க ஒரே ஒரு வாய்.

கதவை அகலப்படுத்தச் சொல்லி அவள் கொடுத்த மனுவை நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை என்று யாரும் வாய்கூசாமல் சொல்லிவிட முடியாது. மூவர் குழு போட்டார்கள். குழு டேப்போடு வந்து கதவை அளந்தது, நாற்காலியை அளந்தது, நம்பிக்கையில்லாமல் மறுபடியும் கதவை அளந்தது. கதவு சரியாகத்தான் இருக்கிறது, நாற்காலிதான் இரண்டு அங்குலம் ‘மிகை’ என்று அறிக்கை தந்தது.

குழுத் தலைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, “கொஞ்சம் ஒல்லியான வண்டியா வாங்கிக்கக் கூடாதாம்மா?” என்றார்.

“வண்டி ஒல்லியாயிடும் சார். நான் ஆகணுமே.”

அதையும் குறித்துக்கொண்டார்.

வேலைக்குச் சேர்ந்த ஆறாம் வருடம் சிறுநீரகத்தில் தொற்று வந்தது. டாக்டர் தினமும் மூன்று லிட்டர் குடிக்கச் சொன்னார். கணவர் வேலையை விடச் சொன்னார். ஒரு ஒற்றெழுத்து தப்பினாலும் அவளுக்குக் கண்ணில் மண் விழுந்த மாதிரி உறுத்தும். அப்படிப்பட்ட வேலையை எப்படி விடுவாள்? மூன்று லிட்டரைத்தான் விட்டாள்.

ஒன்பதாம் வருடம் ‘சிறந்த ஊழியர்’ விருது. மேலாளர் மைக்கில் உருகினார்: “ஒரு நாள்கூட சீட்டை விட்டு நகர்ந்ததில்ல. இவங்க அடக்கத்தை நாம எல்லாரும் கத்துக்கணும்.”

அக்கா மைக்கை வாங்கினாள்.

“உண்மைதான் சார். ஒன்பது வருஷமா அடக்கிக்கிட்டுதான் இருக்கேன்.”

கிளம்பிய சிரிப்பு பாதியில் நின்றது. அவள் மேசைமேலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நிதானமாக முழுவதையும் குடித்தாள்.

“இன்னும் அரை மணி தாங்கும். அதுக்குள்ள எனக்கு ஒரு கதவு காட்டுங்க.”

மேலாளர் குழுத் தலைவரைப் பார்த்தார். குழுத் தலைவர் மின்விசிறியைப் பார்த்தார். துப்புரவு வேலை செய்யும் அம்மாதான் எழுந்து வந்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனார், நேரே மேலாளர் அறைக்குள். அங்கே மேலாளருக்கென்று தனிக் கழிப்பறை. கதவு மூன்றடி. சக்கரம் எங்கும் உரசாமல் உள்ளே போனது.

மூவர் குழு கூடியதே அந்த அறையில்தான். கூட்டத்துக்கு நடுவே மூவரும் அந்தக் கதவைத் திறந்து போய்வந்தவர்கள்தான். ஒன்பது வருடத்தில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நியாயப்படி, அடக்கத்துக்கான விருதை அந்த அலுவலகம் முழுவதற்குமே பகிர்ந்து கொடுத்திருக்க வேண்டும்.