‘க்காதே’ எங்கே போனது?

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

பணிமனைத் தொழிற்சங்கச் செயலாளரும் உங்கள் மருமகளைப் பெற்றவனுமாகிய நான் எழுதுவது. இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாயிருக்க வேண்டும். அரசின் சிக்கனக் குழுவில் நீங்கள் உறுப்பினராயிருப்பது உங்களுக்கு நலமாக இருக்கலாம். எங்களுக்கு அது அவ்வளவு நலமாக இல்லை.

பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பேருந்துத் தடம் நஷ்டத்தில் ஓடுகிறது, தனியாருக்குக் கொடுத்துவிடலாம் என்று உங்கள் குழு அறிக்கை எழுதியிருக்கிறது. எழுதட்டும். ஆனால் அதற்குக் கீழே எங்கள் பணிமனை வாசலின் புகைப்படத்தை ஒட்டி, ‘தொழிலாளர்களே இதை வரவேற்கிறார்கள்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் எங்கள் ஆள், ‘பேருந்தைத் தனியாருக்குக் கொடுக்காதே’ என்று துணியில் எழுத உட்கார்ந்தார். எழுத்து பெரிதாக வந்தால்தான் அவருக்கு மனசு நிறையும். ‘கொடு’ வந்ததும் துணி தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்த ‘க்காதே’யை வேறொரு துணியில் எழுதி, வாசல் இரட்டை இரும்புக் கதவில் இடது பக்கம் முதல் துணியையும் வலது பக்கம் இதையும் கட்டினோம். வேலைநிறுத்தம்தானே, கதவு எதற்குத் திறக்கப் போகிறது என்று நானும் மெத்தனமாக இருந்துவிட்டேன். ஆனால் எந்தப் போராட்டத்திலும் ஆஸ்பத்திரிக்குப் போகிற பேருந்தை மட்டும் நாங்கள் நிறுத்துவதில்லை. அது போவதற்காக வலது கதவைத் திறந்தோம், ‘க்காதே’ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது, அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ வந்த பத்திரிகைப் புகைப்படக்காரர் படம் எடுத்துவிட்டார். காலையில் பத்திரிகையைப் பிரித்தால் ‘பேருந்தைத் தனியாருக்குக் கொடு’. கீழே நான் வேறு கையை உயர்த்தி, வாயைப் பிளந்து கோஷம் போட்டுக்கொண்டு நிற்கிறேன்! “தலைவரே, எவ்வளவுக்கு வித்தீங்க?” என்று எங்கள் நடத்துநரே கேட்டார். “இத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்தினது இதுக்குத்தானா?” என்று என் மனைவி கேட்டாள். மறுநாள், திறக்காத கதவிலேயே முழுவதையும் அடக்கி எழுதச் சொன்னேன். அடக்கினார். அதே புகைப்படக்காரர் வந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “என்ன சார், இங்க கண் பரிசோதனையா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அது எங்கள் தலையெழுத்து, போகட்டும். நஷ்டம் என்கிறீர்களே, தெருவிளக்கு யாருக்கு லாபம் சம்பாதித்துக் கொடுத்தது? தீயணைப்பு வண்டி லாபம் காட்ட வேண்டுமென்றால் ஊரே பற்றி எரிய வேண்டும், அதற்கு ஆசைப்படலாமா? தனியார்காரர் கூட்டம் சேரும் நேரம் பார்த்துத்தான் வண்டி எடுப்பார். காய்ச்சல் கூட்டம் பார்த்தா வருகிறது? மாத்திரைப் பையும் எக்ஸ்ரே உறையுமாக ஏறுகிறவர்கள் உட்காரும்வரை எங்கள் நடத்துநர் விசில் கொடுப்பதில்லை. அப்படி நிற்கிற நேரத்தை உங்கள் அறிக்கை ‘விரயம்’ என்கிறது. சம்பந்தி, அந்த விரயத்துக்குப் பெயர்தான் வேலை. அதற்காகத்தான் மக்கள் வரி கட்டுகிறார்கள்.

அறிக்கையில் ‘வரவேற்கிறார்கள்’ என்கிற அந்த வரியை நீக்கி, தடத்தை அரசிடமே விடுகிறவரை உங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்க மாட்டேன். பேத்தியைப் பார்க்காமல் இருப்பது கஷ்டம்தான், எழுதும்போதே கண் கலங்குகிறது. இருந்தாலும் மிதிக்க மாட்டேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் சரி, மரியாதையாக எடுத்துக்கொண்டாலும் சரி.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம், பேத்திக்கு முத்தம், உங்கள் குழுவுக்கு நல்ல புத்தி.

இப்படிக்கு,
அன்பும் கோபமும் குறையாத
உங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது, சம்பந்தியம்மா உங்கள் மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு எங்கள் போராட்டப் பந்தலுக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். “முழங்கால் வைத்தியத்துக்கு நான் இந்த பஸ்லதான் போறேன், அண்ணா. கார் அவரோட ஆபீசுக்குப் போயிடுது. பஸ்ஸ அரசாங்கத்துக்கிட்டயே விடட்டும், அதுவரைக்கும் நான் வீட்டுப் பக்கமே வரல” என்கிறார்கள். சமாதானம் சொல்லப் போன என்னை, “நீங்க கோஷத்தப் போடுங்க” என்று அதட்டிவிட்டார்கள். மாப்பிள்ளையும் வேலை முடிந்து நேராக இங்கேதான் வருகிறாராம். அரிசி எந்த டப்பாவில் இருக்கிறது என்றுகூட உங்களுக்குத் தெரியாதாமே. ஆகவே வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று மேலே எழுதியதை ரத்து செய்கிறேன். சமைத்துப் போட இன்று மாலை நானே வருகிறேன், கடிதத்தையும் கையிலேயே கொண்டுவருகிறேன். தபால் செலவு மிச்சம், உங்கள் குழு சந்தோஷப்படும். அறிக்கையை மேஜைமேல் எடுத்து வையுங்கள். அந்த வரியை நீங்கள் அடித்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன்.