கிரீட ஈதருக்கு ஆம்பூரில் நடந்த பாராட்டுக் கூட்டம்

மனித குலத்தின் போக்கை மாற்றும் கூட்டம் நூற்றாண்டுக்கு ஒன்றுதான் நடக்கும். இந்த நூற்றாண்டுக்கானது 1983-இல், ஆம்பூரில், தோல் பதனிடும் எங்கள் டேனரி வளாகத்தில் நடந்தது. வந்திருந்தோர்: தலைவராக நான் (என்னை நானே முன்மொழிந்தேன்), என் தம்பி மகன் டாக்டர் அரங்கநாதன், மேனேஜர் சம்பந்தம், கைதட்டுவதற்காக அரைநாள் விடுப்பு அளிக்கப்பட்ட தொழிலாளர்கள், அழைப்பில்லாமலே சொம்பும் கையுமாக வந்த பக்கத்து நிலத்துக் கங்கம்மாள்.

அரங்கநாதன் பல ஆண்டு உழைத்து, ‘கிரீட ஈதர்’ என்னும் வளைய மூலக்கூறுகளைச் செய்து, அவற்றின் நடுவே தாமிரம், நிக்கல் முதலிய உலோகங்களை உட்கார வைத்தவன். உட்கார்ந்த உலோகம் லேசில் எழுந்திருக்காது. எங்கள் குடும்பத்தில் பதவியில் அமர்ந்தவர்களும் அப்படியே. ஆகவே இந்த ஆராய்ச்சி பரம்பரைச் சொத்து என்பதைத் தலைமையுரையில் நிறுவினேன். நீலப் படிகங்கள் இருந்த குப்பிக்கு மாலை போட்டோம். குப்பி சிறியது, மாலை பெரியது. குப்பி நிற்கவே மாட்டேன் என்றது.

கைதட்டல் ஓய்ந்ததும் கங்கம்மாள் சொம்பை மேசைமேல் வைத்தாள்.

“இன்னா தம்பி, ஒங்க கிரீடம் எங்க கெணத்துல கீற குரோமைப் புடிக்குமா? தண்ணி மஞ்சளா வருது. மாடுகூட மோந்துட்டுத் திரும்பிக்குது.”

“கஷ்டம்க்கா. நான் பண்ணது தாமிரத்துக்கு. குரோம் அதுல சுலுவா ஒக்காராது” என்றான் அரங்கநாதன். உண்மை பேசும் கெட்ட பழக்கம் அவனுக்கு உண்டு. “ஆனா இந்தச் சொம்புத் தண்ணில குரோம் எவ்ளோ கீதுன்னு பாத்துச் சொல்றேன்.”

சம்பந்தம் குறுக்கிட்டார். “இது விஞ்ஞானக் கூட்டம்மா. தண்ணிக்கு வேற கூட்டம் போடுவோம்.”

“எப்போ?”

“தலைவர் சொல்வாரு.”

தலைவர் சொன்னேன்: கங்கம்மாளுக்கும் ஒரு பொன்னாடை.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இத்த வச்சு வடிகட்டிக் குடிக்கவா, மொதலாளி?”

தொழிலாளர்கள் இதற்கும் கைதட்டினார்கள். பயிற்சி போதாது.

அடுத்த வாரம் அரங்கநாதன் கல்லூரிச் சோதனைக்கூடத்திலிருந்து முடிவுடன் வந்தான். குடும்ப கௌரவம் கருதிக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

“பெரிப்பா, அந்தத் தண்ணிய யாரும் வாயில வைக்கக் கூடாது. நம்ம டேனரியோட குரோம் கழிவுத் தண்ணிதான் அதுல எறங்குது. நம்ம வூட்டுக் கெணத்துக்கும் அதே ஊத்துதான்.”

அந்த முடிவை நாங்கள் அலட்சியம் செய்துவிட்டதாக ஊரில் ஒரு வதந்தி உலவுகிறது. முழுப் பொய். மறுநாளே நடவடிக்கை எடுத்தோம். எங்கள் வீட்டுக்குக் குடிதண்ணீர் இப்போது ஏலகிரி அடிவாரத்திலிருந்து வண்டியில் வருகிறது.