ஒய்-ஒய் நிராகரித்த நாலு காரணங்கள்

ஓசூரில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் பேசுகிறவர்கள் தடுக்கி விழுந்த இடமெல்லாம் இருப்பார்கள். ஆனால் மூன்று மொழியிலும் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, எப்பேர்ப்பட்ட வாயாடியையும் ஐந்தே நிமிடத்தில் கைகூப்ப வைக்கக்கூடிய மனிதர் ஒருவர்தான். தமிழில் ‘ஏன்?’, கன்னடத்தில் ‘யாக்கே?’, தெலுங்கில் ‘எந்துக்கு?’ அவ்வளவுதான் அவருடைய ஆயுதம். ஊரே அவரை ஒய்-ஒய் என்றுதான் கூப்பிடும். நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் இருக்கும். அதை யாரும் பார்த்ததில்லை.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருவரும் கார்களுக்குப் பிரேக் பேட் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் பிரஸ் மெஷினில், அவர் தரம் பார்க்கிற இன்ஸ்பெக்டர். ஒரு பீஸ் பழுதாக வந்தால் ‘ஒய்-ஒய் அனாலிசிஸ்’, அதாவது ஏன்-ஏன் ஆராய்ச்சி, என்று ஒரு ஃபாரம் நிரப்ப வேண்டும். ஏன் பழுதானது என்று கேட்டு ஒரு பதில் எழுத வேண்டும். அந்தப் பதிலுக்கு ஒரு ஏன். அதற்கு வரும் பதிலுக்கு இன்னொரு ஏன். இப்படி ஐந்து முறை தோண்டினால் உண்மைக் காரணம் அகப்படும் என்பது கணக்கு. எங்களுக்கெல்லாம் இது ஆடிட் வருகிற வாரத்தில் அள்ளிப் போடுகிற கதை. அவருக்கு அது வேதம். சட்டைப் பையில் எப்போதும் நாலாய் மடித்த ஃபாரம் இரண்டு இருக்கும்.

ஒரு நாள் நான் மெஷின் பக்கத்திலேயே நின்றபடி தூங்கிவிட்டேன். சூப்பர்வைசர் மெமோ கொடுக்கக் கிளம்பினார். ஒய்-ஒய் குறுக்கே வந்து நின்றார்.

“ஏன் சார் தூங்கனீங்க?”

“ராத்திரி தூக்கம் இல்ல.”

“ஏன்?”

“மூட்டப்பூச்சி.”

“ஏன் மூட்டப்பூச்சி?”

“பக்கத்து ரூம்லருந்து வருது.”

“ஏன் பக்கத்து ரூம்ல வருது?”

“ஹவுஸ் ஓனர் மருந்தடிக்கலைங்க, விடுங்க!”

“அஞ்சாவது ஏன் பாக்கி இருக்குது, அதை அவர்கிட்டயே கேட்டுக்கறன்” என்று ஃபாரத்தை மடித்தார். அன்று ஷிஃப்ட் முடிந்ததும் மூக்கண்டப்பள்ளியில் என் வீட்டுக்காரர் வாசலில் போய் நின்று ‘யாக்கே சார்?’ என்று ஆரம்பித்திருக்கிறார். மூன்றாவது யாக்கேயில் வீட்டுக்காரர் மருந்துக்கடைக்கு ஆள் அனுப்பினார். எங்கள் லைன் வீடு பத்தும் மறுநாளே சுத்தம். எனக்கு மெமோவும் வரவில்லை.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. ஃபாரத்தில் ஆள் பெயர் வரக் கூடாது. ‘இன்னார் கவனக்குறைவு’ என்று யாராவது எழுதிக் கொடுத்தால் சிவப்புப் பேனாவால் ‘ரிஜெக்ட்’ என்று கிறுக்கித் திருப்பிவிடுவார். “ஆளைத் திட்டறது சுலபம் சார். காரணத்தைப் பிடிங்க” என்பார்.

இந்த வேதம் அவருக்குக் கல்யாணத்தில் மட்டும் கைகொடுக்கவில்லை. காவேரிப்பட்டினத்தில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் அப்பா, “மாப்பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சிருக்குதுங்க” என்று சொல்லி வாய் மூடவில்லை, இவர் “ஏன்?” என்றார். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். இவர் அதற்கும் “ஏன்?” மூன்றாவது ஏனில் அந்த மனிதர் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “ஏன்னு யோசிச்சுப் பாத்தா பிடிக்கலைங்க” என்றார். பஸ்ஸில் திரும்பும்போது நான் கேட்டேன்.

“ஏன்யா இப்படிச் செஞ்சீங்க?”

“மூணுலயே தெரிஞ்சிடுச்சு பாருங்க சார். கல்யாணத்துக்கப்புறம் தெரிஞ்சிருந்தா?”

என்னத்தைச் சொல்ல!

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் நன்றாகக் கார் ஓட்டுவேன். இதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கூச்சம் கிடையாது. பெங்களூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கி விற்கிற ஒருவர், வண்டிகளைக் கொண்டுபோய் ஒப்படைக்க டிரைவர் தேடினார். எட்டு வருஷ வேலையை ஒரே நாளில் உதறிவிட்டுப் போனேன். கேன்டீனில் ஒரே சிரிப்பு. “பிரேக்கு செஞ்சவன் ஆக்சிலரேட்டருக்குத் தாவிட்டான்டா!” என்றார்கள். ஒய்-ஒய் மட்டும் சிரிக்கவில்லை. ஏன் போகிறீர்கள் என்று கேட்டார். இரண்டாவது ஏன் வருவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒரு வருஷம் கழித்து அந்த மஞ்சள் கார் கைக்கு வந்தது. கிருஷ்ணகிரியில் மாங்கூழ் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒரு குடும்பம் வாங்கியிருந்தது. இரண்டே இருக்கை. உள்ளே உட்கார்ந்தால் பக்கத்து லாரியின் டயர் போல்ட்டு நம் மூக்குக்கு நேராக இருக்கும். சாவியைத் திருகினால் வயிற்றுக்குள் ஒரு உறுமல். ஞாயிற்றுக்கிழமை காலை நானே கொண்டுபோகிறேன் என்று முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கினேன். வாங்கின கையோடு ஒய்-ஒய்க்குப் போன் போட்டேன்.

“காலைல கரெக்டா எட்டு மணிக்கு ஹைவே டீக்கடைகிட்ட வந்து நில்லுங்க. நம்ம என்ட்ரியப் பாருங்க.”

“ஏன் சார் எட்டு மணி?”

“மாதா கோயில்ல பூசை முடிஞ்சு நம்ம சனம் மொத்தமும் ரோட்டைத் தாண்டுற நேரம். ஸ்டெல்லாவையும் நிக்கச் சொல்லிட்டேன். வீடியோ எடுக்கப் போறா.” ஸ்டெல்லா என் மனைவி.

“எவ்ளோ வேகத்துல வருவீங்க?”

“நூத்தி அறுபது!”

“நூத்தி அறுபதுன்னா செகண்டுக்கு நாப்பத்தி நாலு மீட்டர் சார். டீக்கடைக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் நடுவுல அவ்ளோ தூரம்கூட கிடையாது. நான் அளந்திருக்கறன்.”

எதற்கு அளந்தார் என்று கேட்கிறீர்களா? அவரிடம் ஏன் என்று கேட்கிற தைரியம் யாருக்கு உண்டு!

“யோவ், இந்தக் காரோட பிரேக் எப்படிப்பட்டது தெரியுமா?” என்றேன்.

“பிரேக்கப் பத்தி என்கிட்டயேவா? பிரேக்கு உங்க கால் மிதிச்சப்புறம்தான் வேலை செய்யும். கண்ணு பாத்து, கால் மிதிக்கற வரைக்கும் ஒரு செகண்டு போகுது பாருங்க, அந்த ஒரு செகண்டுக்கு எந்தக் கம்பெனியும் பார்ட் செய்யல சார்.”

“பாத்துக்கலாம் விடுங்க.”

“எம்பதுல வந்தாலும் அதே மஞ்சக் கலர்தானே? மெதுவா வந்தா இன்னும் நல்லாத் தெரியுமே. ஏன் சார் வேகமா வரணும்?”

நான் போனை வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. கர்நாடக எல்லையைத் தாண்டினதும் ரோடு காலி. டீக்கடைப் பந்தல் தூரத்தில் தெரிந்ததும் மிதித்தேன். டிவைடர் இடைவெளியில் ஒரு கூட்டம் நின்றது. என் நெஞ்சு நிமிர்ந்தது. அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பச்சைப் புடவை, போனைத் தூக்கிப் பிடித்தபடி, படம் இன்னும் நன்றாக வரட்டும் என்று ரோட்டில் இரண்டடி இறங்கியது. ஸ்டெல்லா!

எட்டு வருஷம் பிரேக் பேட் செய்தவன் சொல்கிறேன், பிரேக் பிடித்தது. அதில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் ஒய்-ஒய் சொன்ன அந்த ஒரு செகண்டு ஏற்கெனவே போய்விட்டிருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். டிவைடர் ஓரத்து மணலில் காரின் பின்புறம் வீசிக்கொண்டு சுழன்றது. யாரோ ஸ்டெல்லாவை இடுப்போடு சேர்த்துப் பிடித்துப் பின்னால் இழுத்தது தெரிந்தது. டப்பென்று ஒரு சத்தம். அப்புறம் கார் சர்வீஸ் ரோட்டையும் தாண்டி, ஒரு நர்சரித் தோட்டத்தின் வேலியைப் பிய்த்துக்கொண்டு, மலைபோலக் குவித்து வைத்திருந்த மாட்டு எருவுக்குள் மூக்கைச் செருகி நின்றது. கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன். தலையிலிருந்து கால்வரை சாணி. நான் கேட்ட என்ட்ரி அதுதான்.

ரோட்டுக்கு ஓடினேன். ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள், முழங்கையில் சிராய்ப்பு, மற்றபடி முழுசாக. அவள் மடியில், அவளைப் பிடித்து இழுத்த ஒய்-ஒய்யின் தலை. அவருடைய வலது தொடை, மூட்டே இல்லாத இடத்தில் மடங்கிக் கிடந்தது. வலியில் முகமெல்லாம் வெளுத்துப்போய், அந்த மனிதர் சொன்னது இதுதான்:

“ஸ்டெல்லா மேடம், வீடியோவ அழிச்சிடாதீங்க. எவிடென்ஸ்.”

இதுவரை சிரித்துக்கொண்டே படித்தவர்கள் தொடர்ந்து சிரிக்கலாம். எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வருவதில்லை.

போலீஸ் வந்தது. வழக்குப் போட்டார்கள், ஒத்துக்கொண்டேன். லைசென்ஸ் போயிற்று. பெங்களூர் முதலாளி போனிலேயே வேலையிலிருந்து எடுத்தார். ஒய்-ஒய்யின் தொடையில் கம்பி வைத்தார்கள். எலும்பு கூடினாலும் கால் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும், நின்று செய்கிற வேலை இனி முடியாது என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் ஆரஞ்சுப் பழத்தோடு போய், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“ஃபாரம் எங்க சார்?” என்றார்.

எழுதிக்கொண்டு போனேன். உண்மைக் காரணம்: ரோட்டில் மணல்.

“மணல் ஒரு வாரமா அங்கதான் கெடக்குது. மத்த வண்டியெல்லாம் எப்படிப் போச்சு?” தலையணைக்கு அடியிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். ரிஜெக்ட்.

மறுநாள் இன்னொன்று. டயர் தேய்மானம்.

“வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பாத்தன் சார். டயர் புத்தம் புதுசு.” ரிஜெக்ட்.

மூன்றாவதாக ஒன்று எழுதினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ‘பாதசாரி ரோட்டில் இறங்கியது’ என்று எழுதினேன். ஸ்டெல்லா கட்டிலுக்கு அந்தப் பக்கம் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒய்-ஒய் அதைச் சத்தமாகப் படித்துவிட்டார். உரித்த சுளைகளை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அத்தனை வருஷத்தில் ஒய்-ஒய் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“வந்து நில்லுன்னு கூப்பிட்டது யாரு சார்? யாரு?” என்று கத்தினார். நர்ஸ் ஓடி வந்தார்.

நாலாவது ஃபாரத்தில், ‘முதலாளி அவசரப்படுத்தினார்’ என்று எழுதினேன். “கெஞ்சிக் கேட்டு வாங்கினன்னு நீங்கதான சொன்னீங்க” என்றார். அதோடு சரி. பேனாவைக்கூட எடுக்கவில்லை.

ஐந்தாவதை ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து எழுதினேன். டீ ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது. ஏன் அடிபட்டது? கார் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? நூற்று அறுபது. ஏன் நூற்று அறுபது? எண்பதில் வந்தால் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். ஏன் வாயைப் பிளக்க வேண்டும்? வேலையை விட்டபோது சிரித்தார்கள். சிரித்தால் என்ன, ஏன் அது உறுத்த வேண்டும்? கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினேன்: ‘நான் பெரிய ஆள் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. இப்படிக்கு, அந்தோணி.’

அவர் படித்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

“ஆள் பேர் வந்திருக்குது சார்.”

“வரட்டும். இதுல ஆள்தான் காரணம். உங்க கால் போச்சு. ஸ்டெல்லா போயிருப்பா. மணல் மேலயும் டயர் மேலயும் போட என்னால முடியல.”

என் பெயரைச் சிவப்பில் அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பேனாவை எடுத்து, கையெழுத்துப் போட்டார். கீழே ‘மறுபடி நடக்காமலிருக்க எடுக்கும் நடவடிக்கை’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவரே எழுதினார்: ‘பெருமை அடிக்க வேண்டுமென்றால் என் வீட்டுக்கு நடந்து வந்து, உட்கார்ந்து, டீ குடித்தபடி அடிக்கவும்.’ பொறுப்பு என்ற கட்டத்தில் தன் கையெழுத்தையே போட்டார். முடிக்க வேண்டிய தேதி என்ற கட்டத்தில் வெறும் கோடு, கெடுவே கிடையாது. வராந்தாவுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் அந்தத் தாளை நீட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, “இப்பவாவது எழுதனீங்களே” என்றாள். இருவரும் அங்கேயே நின்று அழுதோம்.

இப்போது நான் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருக்கிறேன். ஒய்-ஒய்யை லைனிலிருந்து பயிற்சி வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு மாதம் ஒருமுறை அந்த வீடியோவைப் போட்டுக் காட்டி, ‘ஒரு டிரைவர்’ என்று கதையை ஆரம்பிப்பார். பெயரைச் சொல்லவே மாட்டார். நான் கடைக்கு லீவு போட்டுவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். கதை முடிகிற நேரத்தில் எழுந்து, “அந்த டிரைவர் நான்தாங்க” என்பேன். வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்க்கும். அவருக்குக் கோபம் வரும். “ஏன் சார் எந்திரிக்கறீங்க? உக்காருங்க சார்!” என்பார்.

வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்வார். குட்டைக் காலை முதலில் வைத்து, அப்புறம் மற்றக் காலை. ஒவ்வொரு படிக்கும் நான் நின்று நிதானித்துத்தான் இறங்க வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அவசரப்பட்டால் முறைக்கிறேன். இந்த மனிதரை நான் கொன்றிருப்பேன். அவர் இல்லாத ஓசூரில் எனக்கு ஒரு நாள்கூட இருக்கத் தெரியாது.