வாயாலேயே ஒரு படகை மூழ்கடித்தேன்

ஹிந்தி சுத்தமாகத் தெரியாதவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. 'கொஞ்சம் கொஞ்சம் தெரியும்' என்று சொல்லிக்கொள்பவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நான் கொஞ்சம் கொஞ்சம் கட்சி.

கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து அந்தமானுக்கு, போர்ட் பிளேருக்கு வந்த புதிதில், ஜங்லிகாட் படகுத்துறையில் ஒரு சின்ன சுற்றுலாப் படகு கம்பெனியில் டிக்கெட் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி ஸ்டெல்லா மேடம். பூர்வீகம் தூத்துக்குடிக் கடற்கரை. பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். யாரையும் ஒரே நாற்காலியில் நிம்மதியாக உட்கார விடமாட்டார். டீ வாங்கி வந்தவரை வேன் டிரைவராக்கினார். கயிறு கட்டிக்கொண்டிருந்த வங்காளி பிமலைப் படகோட்டியாக்கினார். ஒருநாள் என் பக்கம் திரும்பினார்.

"சனிக்கிழமை வண்டூர் பீச் சன்செட் ட்ரிப்புக்கு நீதான் கைடு."

"மேடம், எனக்கு ஹிந்தி..."

"கவுண்டர்ல நின்னு அந்தச் சண்டை போடுறியே, அது எந்த பாஷையாம்?"

(அது ஹிந்தி என்று அதுவரை எனக்கே தெரியாது.)

வாரம் முழுக்க மனப்பாடம். என் கணவர் மெயின்லேண்ட் பயணியாக நடித்தார். 'சூரஜ் டூப் ரஹா ஹை', அதாவது சூரியன் மூழ்குகிறது. சூரிய பகவானை ஒருமையில் சொல்வதா என்று மனசு கேட்கவில்லை. 'டூப் ரஹே ஹைன்' என்று மரியாதை சேர்த்தேன்.

சனிக்கிழமை படகு நிறையக் கூட்டம். பவளப்பாறை, மீன் எல்லாம் பிரமாதமாகச் சொல்லிவிட்டேன். சூரியன் கடலைத் தொட்டது. எல்லா முகங்களும் என்னைப் பார்க்க, 'சூரஜ்' என்ற சொல் மட்டும் நாக்கிலிருந்து கழன்று தண்ணீரில் விழுந்துவிட்டது. மிச்சமிருந்ததை மைக்கில் உற்சாகமாகக் கத்தினேன்.

"தேக்கியே! தேக்கியே! டூப் ரஹே ஹைன்!"

சூரஜ் இல்லாவிட்டால் அந்த மரியாதை 'நாம்' ஆகிவிடும்: பாருங்கள், பாருங்கள், மூழ்கிக்கொண்டிருக்கிறோம்!

படம் எடுக்க வசதியாக இருக்கட்டுமே என்று பிமல் சரியாக அந்த நொடியில் இன்ஜினை அணைத்தார். அலறல் எழுந்தது. ஒரு மாமி, போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல் இன்னொன்றை மாட்டினார். தேனிலவு மாப்பிள்ளை ஒருவர் மனைவியை விட்டுவிட்டுக் கம்பத்தைக் கட்டிக்கொண்டார் (அந்தக் கல்யாணம் என்ன ஆயிற்றோ). எல்லோரும் ஒரே பக்கம் ஓட, படகு நிஜமாகவே சாய்ந்தது. அழகில் சொக்கிவிட்டார்கள் என்று நினைத்து நான் இன்னொரு தடவை கத்தினேன்.

பிமல் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். "அரே, குச் நஹி ஹுவா! சூரஜ்! சூரஜ்!" ஒன்றும் ஆகவில்லை, மூழ்குவது சூரியன்தான்!

கரையில் இறங்கியதும் பயணிகள் மேடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். இந்தப் பெண்ணை யார் அனுப்பியது என்று ஒருவர் கத்தினார். நான் வேனுக்குப் பின்னால் ஒளிந்து அழுதுகொண்டிருந்தேன். மேடம் குரல் மட்டும் கேட்டது.

"மைனே பேஜா. கல்தி மேரி ஹை." நான்தான் அனுப்பினேன், தப்பு என்னுடையது. பழக்காமல் அனுப்பிவிட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் போய் மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் காலை தலைகுனிந்து போனேன். "மேடம், நான் வேலையிலருந்து நின்னுக்கிறேன்."

"நின்னுக்கோ. அடுத்த சனிக்கிழமை படகுல நின்னுக்கோ, மைக்கோட."

அன்றிலிருந்து ஷட்டரைத் தூக்குமுன் அத்தனை பேரும் வட்டமாக உட்கார்ந்து தெரியாத பாஷையில் பேச வேண்டும் என்பது சட்டம். சிரிக்கலாம், திட்டக் கூடாது. முதல் ஆளாக மேடமே எழுந்து, ஒரு வெள்ளைக்காரப் பயணியிடம் 'மீட்' என்பதற்குப் பதிலாக, "ஐ வில் ஈட் யூ ஆன் மண்டே" என்று தான் சொன்ன கதையைச் சொன்னார். சிரித்துச் சிரித்து என் பாதி பயம் போய்விட்டது.

மீதி பாதி அடுத்த சனிக்கிழமை போனது. முதல் வரிசையில் பயணியாக மேடம் உட்கார்ந்திருந்தார். இந்த முறை சூரஜ் ஒழுங்காக வந்தது. படகில் ஒருவரும் அசையவில்லை. எனக்கு அதுதான் கைதட்டல்.

இப்போது புது கைடுகளைப் பழக்குவது நான். பிமல் தனிக் கம்பெனியே தொடங்கிவிட்டார். போட்டிக் கம்பெனியாயிற்றே என்று பார்க்காமல் திறப்பு விழாவுக்கு முதலில் போய் நின்றவர் மேடம்தான். இப்படி ஒரு முதலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

வீட்டில்தான் எனக்கு விமோசனமில்லை. கணக்குப் பரீட்சை முடிந்து வரும் மகளிடம் எப்படி எழுதினாய் என்று கேட்டால், பையை இறக்கிவைத்துவிட்டு, "தேக்கியே, தேக்கியே..." என்று ஆரம்பிக்கிறாள்.

மீதியைச் சமையலறையிலிருந்து என் கணவர் முடித்துவைக்கிறார்.