எஃகன் படியிறங்கி வந்த சனிக்கிழமை

உலகத்தில் எத்தனையோ மாமேதைகள் எத்தனையோ பிரச்சினைகளுக்காகக் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் சினிமாவில் செத்துப்போன ஓர் இயந்திர மனிதன் எப்போது திரும்பி வருவான் என்பதைத் தீர்மானிக்க, ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தள அறையில், சனிக்கிழமை தவறாமல், மின்விசிறிகூட இல்லாமல் கூடிய கூட்டத்துக்கு ஈடு இணை கிடையாது. 'எஃகன் மீள்வருகை ஆய்வுக் குழு' என்று பெயர். உறுப்பினர்கள் மூன்று பேர். பெரிய காரியங்களுக்கு எப்போதுமே ஆள் குறைவுதான்.

தலைவர் லிஃப்ட் மெக்கானிக். அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்வது அவருடைய பிழைப்பு. எஃகனைப் பார்த்துக்கொள்வது அவருடைய வாழ்க்கை. செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மூன்றாமவர் பல் டாக்டர். நான்காம் பாகத்தின் முடிவில் எஃகன் ஒரு நகரத்தையே காப்பாற்றிவிட்டுக் கண் அணைந்து விழுந்தபோது, தியேட்டரில் மூன்று வெவ்வேறு வரிசைகளில் உட்கார்ந்து ஒரே மாதிரி அழுதவர்கள் இவர்கள். அழுகை சேர்த்துவைத்த நட்பு.

அதன் பிறகு மூன்று வருடங்களில் குழு நாற்பத்தொரு கோட்பாடுகளை 'ஏற்றுக்கொண்டிருந்தது'. விழுந்தது எஃகன் அல்ல, நகல் என்பது முதலாவது. அவனுடைய நினைவெல்லாம் கதாநாயகி வீட்டு ஃபிரிட்ஜில் பத்திரமாக இருக்கிறது என்பது ஏழாவது. அவள் அழும்போது பின்னால் ஃபிரிட்ஜ் உறுமுவதே ஆதாரம். சாகும்போது எஃகன் சிரித்ததில் ஒரு பல் கூடுதலாக இருந்தது என்பது பல் டாக்டரின் கண்டுபிடிப்பு. எல்லாவற்றிலும் கனமானது பதினான்காவது. கடைசிக் காட்சியில் ஒரு மாடிப்படியை மூன்று விநாடி காட்டுகிறார்கள். காரணமில்லாமல் யாராவது படியைக் காட்டுவார்களா? ஆகவே எஃகன் பறந்து வரமாட்டான். ஒரு கால் பழுதாகி, இரும்புச் சத்தத்தோடு, ஒவ்வொரு படியாக இறங்கி வருவான்.

ஆராய்ச்சி என்றால் சோதனை வேண்டாமா? ஆளுயரத்துக்கு ஓர் அட்டை எஃகனைச் செய்தார்கள். நெஞ்சில் பச்சை விளக்கு மின்ன வேண்டும். கடையில் வாங்கிய விளக்கு எதுவும் செயலாளரின் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் தலைவருக்கு லிஃப்ட் ஞாபகம் வந்தது. லிஃப்டை ஏறு, இறங்கு என்று ஆட்டிவைக்கும் எலக்ட்ரானிக் கார்டில் அச்சு அசலாக அதே பச்சை விளக்கு. 'ஒரே ஒரு சாயங்காலத்துக்கு' என்று அதைக் கழற்றி வந்து, பேட்டரியில் இணைத்து, அட்டை நெஞ்சில் பொருத்தினார். விளக்கு இரண்டு தடவை வேகமாகவும் ஒரு தடவை நிதானமாகவும் மின்னியது. படத்தில் எஃகனின் இதயமும் அப்படித்தான். பல் டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே இதை யாரும் தொடக்கூடாது. நாடி வந்துடுச்சு," என்றார்.

தீர்மானம் நிறைவேறியது. லிஃப்ட் நின்றது. ஸ்பேர் பார்ட் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று குடியிருப்பவர்களிடம் சொல்லியாயிற்று.

எல்லாம் சரி, ஆறாவது மாடியில் இருந்தது தலைவருடைய சொந்த அக்கா. முழங்கால் ஆபரேஷன் முடிந்து லிஃப்டில்தான் வீட்டுக்குப் போனாள். மறுநாளே லிஃப்ட் படுத்துவிட்டது. மாடிப்படி பக்கமே போகக் கூடாது என்று ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்லியிருந்தார். வரும் திங்கட்கிழமை நூலகத்தில் வேலைக்குத் திரும்பாவிட்டால் அவள் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். இருபத்திமூன்றாம் நாள் சனிக்கிழமை, கூட்டம் தொடங்கும் நேரத்தில் போன் வந்தது.

"தம்பி, ஸ்பேர் வந்துச்சா?"

"வந்துக்கிட்டே இருக்குக்கா. கப்பல்ல இருக்கு."

"போன வாரமும் கப்பல்லதானே இருந்துச்சு?"

"அதே கப்பல்தான்க்கா."

"நாளன்னிக்குத் திங்கக்கிழமைடா," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அம்மா வேலைக்குப் போன வீட்டில் தலைவரை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தவள் அவள். அவர் எழுந்து அட்டை எஃகன் பக்கம் போனார்.

"கார்டைக் கழட்டிடலாம்னு பாக்கறேன்."

"தலைவரே, அது 'இதய நிறுத்தம்'," என்றார் செயலாளர்.

"கொலைன்னே சொல்லலாம்," என்றார் பல் டாக்டர்.

"அக்கா மேல மாட்டிக்கிட்டு இருக்காங்கய்யா!"

"எஃகன் எங்க மாட்டிக்கிட்டு இருக்கான்னே தெரியலையே தலைவரே. அக்கா எங்க இருக்காங்கன்னாவது தெரியுது," என்றார் செயலாளர்.

இந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று தலைவர் தேடிப்பார்த்தார். அகப்படவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் படிக்கட்டில் அந்தச் சத்தம் கேட்டது. டங். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கால் இழுபடும் ஓசை. மறுபடி டங்.

"இரும்பு," என்றார் செயலாளர்.

"மேலேருந்து கீழ வருது," என்றார் பல் டாக்டர். "பதினாலாவது கோட்பாடு!"

போய்ப் பார்க்கலாமா என்று தலைவர் கேட்டார். பார்த்தால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று விளக்கப்பட்டது. ஆகவே மூவரும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்த இடத்திலிருந்தே குறிப்பெடுத்தார்கள். நடுவில் 'அம்மா' என்று ஒரு முனகல் வந்தது. 'தன்னைப் படைத்தவளை அழைக்கிறான்' என்று அது நோட்டில் ஏறியது. எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்றார் தலைவர். படத்தில் கேட்டிருப்பீர்கள் என்று செயலாளர் தெளிவுபடுத்தினார்.

கதவு திறந்தது. மூவரும் எழுந்து நின்றார்கள்.

இரும்பு வாக்கரை ஊன்றிக்கொண்டு அக்கா நின்றாள். ஸ்பேரை நேரிலேயே விசாரிக்க ஆறு மாடியும் இறங்கி வந்திருந்தாள். புடவையெல்லாம் வியர்வை. முழங்கால் பந்து மாதிரி வீங்கியிருந்தது. திங்கட்கிழமை இந்தக் காலை வைத்துக்கொண்டு எங்கேயும் போக முடியாது என்று சொல்ல டாக்டர் தேவையில்லை. இருந்தாலும் பல் டாக்டர் சொன்னார்.

அவள் அட்டை எஃகனைப் பார்த்தாள். நெஞ்சில் மின்னிய கார்டின் ஓரத்தில், தம்பியின் கோணல் கையெழுத்தில் 'லிஃப்ட்' என்று எழுதி ஒட்டியிருந்தது.

"கப்பல் வந்துடுச்சு போலிருக்கே," என்றாள்.

"அக்கா, இது ஒரு ஆராய்ச்சிக்கா..."

"செத்தவன் எப்ப வருவான்னு எத்தனை கோட்பாடுடா வச்சிருக்கீங்க?"

"நாப்பத்தொண்ணு," என்றார் செயலாளர் பெருமையாக.

"உயிரோட இருக்கிறவ எப்ப கீழ வருவான்னு?"

செயலாளர் கடமை தவறாதவர். நோட்டைப் புரட்டிப் பார்த்தார். கடைசிப் பக்கம்வரை பார்த்தார்.

தலைவர் யாரையும் கேட்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் கார்டைக் கழற்றினார். பச்சை விளக்கு அணைந்தது. பல் டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து இறந்த நேரத்தைச் சொன்னார். தலைவர் கார்டை லிஃப்டில் மாட்டி, நான்கு திருகாணிகளை முடுக்கி, சுவிட்சைப் போட்டார். லிஃப்ட் ஒரு தடவை செருமிக்கொண்டு கதவைத் திறந்தது.

அக்கா உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டாள். செயலாளர் நோட்டில் எழுதியதை உரக்கப் படித்தார்: "லிஃப்டின் 'மீள்வருகை' இனிதே நிகழ்ந்தது. கார்டைக் கழற்றி மாட்ட ஆன நேரம் பதினொரு நிமிடம்."

மூடப்போன கதவை அக்கா வாக்கரால் தடுத்தாள்.

"இருபத்திமூணு நாளும் பதினோரு நிமிஷமும்னு எழுதுங்க," என்றாள்.