தோட்டம் பார்க்க வந்த பிள்ளையார்

வாழைப்பழச் சோம்பேறி என்று ஒரு பட்டம் உண்டு. பழத்தை உரித்து வாயில் வைத்தாலும் மெல்ல யோசிக்கிறவனுக்கு அதைக் கொடுப்பார்கள். எனக்கு அது போதாது. நான் வாழையை நட்டதே சோம்பலால்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில் பீடோருக்கு உள்ளே, மலையடிவாரத்துக் கித்தாத் தோட்டம் ஒன்றில் (கித்தா என்றால் ரப்பர்) நான் தமிழ்ப் பள்ளி வாத்தியார். பள்ளி என்றால் ஓர் அத்தாப்பு ஓலைக் கூரை, அதன் கீழே ஒரு மேசை. வாத்தியார் என்றால் அரும்பு மீசையும் மடிப்புக் கலையாத வேட்டியும். அதோடு பெரிய கங்காணி மாரிமுத்துவின் மகள் அஞ்சலை மேல் அடங்காத ஆசை. (அவளுக்குத் தெரியாது. அவள் அப்பனுக்குத் தெரிந்துவிட்டது.)

"மொதல்ல வேல நெலைக்கட்டும் வாத்தியாரே. அப்புறம் பொண்ணப் பத்திப் பேசலாம்" என்று சொல்லிவிட்டார் கங்காணி.

வேலை நிலைப்பது தோட்டத்துத் துரையின் கையில் இருந்தது. அவரோ, "அடுத்த வருசம் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வாராரு. நல்ல காய்கறித் தோட்டம் காட்டணும். இல்லன்னா மூட்டையக் கட்டு" என்றார். ஆக, தோட்டம் முளைத்தால் அஞ்சலை. முளைக்காவிட்டால் நாகப்பட்டினத்துக்குக் கப்பல்.

பயிரைப் பற்றி நான் ஆழமாக யோசித்தேன். (படுத்துக்கொண்டுதான்.) கத்தரிக்குப் பூச்சி பார்க்க வேண்டும், வெண்டைக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும், தக்காளிக்குத் தாலாட்டே பாட வேண்டும். நமக்கு ஏன் அந்தப் பொல்லாப்பு? வாழைக் கன்றை ஊன்றினேன். கரும்புக் கரணையைப் புதைத்தேன். சர்க்கரைவள்ளிக் கொடியை மண்ணில் போட்டு மிதித்தேன். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கங்காணி வந்து பார்த்தார். "வாத்தியாரே, இது காட்டோரம்லா. வாழையும் கரும்பும் வச்சுட்டு வேலி போடலேன்னா எப்படி?"

வேலி என்றால் குழி தோண்ட வேண்டும். நான் கைகூப்பிச் சொன்னேன், "எல்லாம் பிள்ளையார் பாத்துக்குவாரு."

சொன்னதோடு விடவில்லை. ஆற்றிலிருந்து வழவழப்பான கல் ஒன்றைக் கொண்டுவந்து வாழையடியில் நட்டு, குங்குமம் வைத்தேன். பிள்ளையார் ஆயிற்று. பக்தியில் கரைந்துபோனார் கங்காணி. தினமும் பாடம் தொடங்கும் முன் பிள்ளைகள் அங்கே வரிசையாக நின்று தோப்புக்கரணம் போட்டார்கள். மழை தண்ணீர் ஊற்றியது, பிள்ளையார் காவல் பார்த்தார், சம்பளத்தை மட்டும் நான் வாங்கினேன்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று தோட்டம் அமர்க்களமாக இருந்தது. தார்கள் தொங்கின, கரும்பு தலைக்கு மேலே நின்றது. பிள்ளைகள் வெளியே வரிசையில் நிற்க, நான் இன்ஸ்பெக்டரையும் துரையையும் மேசையருகே உட்காரவைத்தேன். தோட்டத்தைக் காட்டலாம் என்று வாயைத் திறந்தபோது, வெளியே மடமடவென்று ஏதோ முறியும் சத்தம்.

யானை! அசல் காட்டு யானை. பிள்ளையார் கல்லுக்குப் பக்கத்தில் நிற்கிறது. வாயில் என் வாழைத்தார்.

தகரம் தட்டினால் யானை ஓடிவிடும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். சனங்களும் தகரத்தோடு ஓடிவந்தார்கள். முன்னால் வந்த கங்காணி கல்லைப் பார்த்தார், யானையைப் பார்த்தார், தகரத்தைக் கீழே போட்டார்.

"தட்டாதீங்கடா பாவிகளா! சாமிடா! வாத்தியார் கூப்புட்ட பிள்ளையார் நேர்லயே வந்துட்டாருடா!"

"ஐயோ, நான் கூப்புடலீங்க!" என்று அலறினேன்.

"வாயக் கழுவுங்க வாத்தியாரே! வந்தவரப் பாத்து அப்படிச் சொல்லலாமா?"

சூடம் கொளுத்தினார்கள், தேங்காய் உடைத்தார்கள். வாழைப்பழம் போதாதென்று யாரோ லயத்து வீடுகளிலிருந்து வேறு கொண்டுவந்தார்கள். "அடிச்சு வெரட்டுங்க!" என்று துரை கத்தியதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. யானை கரும்பை முடித்து, சர்க்கரைவள்ளியைக் கிளறி, எங்கள் கூரையிலும் ஒரு பிடி பிடுங்கி ருசி பார்த்தது. இன்ஸ்பெக்டர் மேசைக்கு அடியில் போனார். அங்கே நான் முன்பே இடம் பிடித்திருந்தேன். போச்சு, அஞ்சலை போச்சு என்று நான் நிஜமாகவே அழுதேன்.

யானை சாவகாசமாகக் காட்டுக்குள் போன பிறகு இன்ஸ்பெக்டர் வெளியே வந்து, துரையிடம் இங்கிலீஷில் நெடுநேரம் பேசினார். துரை என்னைப் பார்த்து முறைத்தார்.

"வாத்தியார், உன் தோட்டம் சுத்த மோசம். ஆனா யானைக்கு முன்னால ஒரு பிள்ளைகூட ஓடலியாம். எல்லாம் காதப் பிடிச்சு, ஒண்ணா உக்காந்து, ஒண்ணா எழுந்திரிச்சுதாம். இந்த மாதிரி டிரில் இவரு எங்கயும் பாத்ததில்லயாம். யார் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான் தொர" என்றேன், மேசைக்கு அடியிலிருந்தபடியே.

வேலை நிலைத்தது. கங்காணி அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. கடவுளையே காலை நேரத்தில் வரவழைத்தவனுக்குப் பெண் கொடுக்கக் கசக்குமா?

கல்யாணத்தன்று பந்தல் வாசலில் வாழைமரம் கட்ட ஆட்கள் வந்தார்கள். மாமனார் பாய்ந்து தடுத்தார். "வேணாம்டா! மாப்பிள்ள உள்ள இருக்காரு, வாசல்ல வாழையும் நின்னா பிள்ளையாரு திரும்ப வந்துருவாரு. அப்புறம் பந்தியில நமக்கு என்னடா மிஞ்சும்?"

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் வாழைமரம் கட்டுவதில்லை. போன மாதம் ஈப்போவில் பேத்தி கல்யாணம். சுற்றிலும் கார், கடை, கட்டடம். யானை வர வேண்டுமென்றால் பஸ் பிடித்துத்தான் வர வேண்டும். அங்கேயும் கட்டவில்லை. சம்பந்தியம்மாளுக்கு முகம் சுண்டிவிட்டது. "வாசல்ல ஒரு வாழமரம்கூடவா இல்ல?" என்று கேட்டார்.

அஞ்சலை முன்வரிசையில் இருந்த என்னைக் கைகாட்டினாள்.

"அதோ, என் வீட்டுக்காரரு. அவரு உக்காந்திருக்கிற எடத்துல கட்டினா கட்டடத்துக்குச் சேதாரம்!"